பாளையங்கோட்டையில நடந்த கடைசிகால வகுப்பு – போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து வாரங்கள்ல சனிக்கிழமை சாயங்காலம் பாளையில ஒரு சர்ச் ஹால்ல "கடைசிகாலம் – நம்பிக்கைகள் எங்கேருந்து வந்துச்சு"ன்னு ஒரு வகுப்பு நடந்துச்சுல்லா, அதுக்குப் போனேன்னு தெரிஞ்சதும் நிறைய பேரு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்ல முடியல, அதான் இங்க மொத்தமா எழுதுதேன். முதல்லயே சொல்லிருதேன், ரொம்ப நல்ல வகுப்பு, அடுத்த தடவை வச்சா கண்டிப்பா போங்க, ஆனா சில குறை இருக்கு அதையும் எழுதுதேன். ஃபீஸ் முந்நூறு ரூபா, அதுல நோட்ஸ், சுக்கு காபி, ஒரு வடை எல்லாம் அடக்கம். நடத்துனவரு ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார், சபையில பிரசங்கமும் பண்ணுவாரு, பேரைப் போடாதீங்கன்னு அவரே சொல்லிட்டாரு, அதனால சார்னே எழுதுதேன். வந்தவங்க எல்லாரும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆளுங்க இல்ல, ஆர்.சி., அதாவது கத்தோலிக்க சபையிலேருந்து ரெண்டு மூணு அக்காமார், பிரதரன் சபை அண்ணாச்சி ஒருத்தர், பெந்தெகோஸ்தே பையனுங்க ஒரு கூட்டம், தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கமிருந்து சனிக்கிழமை ஆராதிக்கற ஒரு அட்வெந்திஸ்ட் குடும்பம்னு கலந்து இருந்தாங்க, அதுதான் இந்த வகுப்போட பெரிய பலமே.

இப்படி ஒரு வகுப்பு நம்ம ஊருக்கு ஏன் வேணும்னு தோணுதுன்னா, திருநெல்வேலிச் சீமையில எந்தக் கிராமத்துக்குள்ள போனாலும் காம்பவுண்டு சுவத்துல "இயேசு சீக்கிரம் வருகிறார்"னு நீலப் பெயிண்ட்ல எழுதியிருக்கும், கன்வென்ஷன்னு ஸ்பீக்கர் கட்டினா ஒரு நாளாவது ராத்திரி, உலகம் முடியறதுக்கு முன்னால வரும்னு சொல்ற உபத்திரவ காலம் பத்தித்தான் பிரசங்கம், சின்னப் பிள்ளைங்க அதைக் கேட்டுட்டு வந்து தூங்காது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சே, அப்ப வீட்டு மாடியில நின்னுட்டு இருந்தவங்களுக்குக்கூட வாட்ஸ்அப்ல முதல்ல வந்தது சாப்பாடு எங்க கிடைக்கும்ங்கறது இல்ல, இது கடைசிகாலத்து அடையாளம்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆதார் வந்தப்ப அதான் வெளிப்படுத்தின விசேஷத்துல சொல்ற மிருகத்தின் முத்திரை, 666ன்னாங்க, தடுப்பூசி வந்தப்ப அதுதான்னாங்க, அதை நம்பி ஊசி போடாம இருந்த வயசானவங்க எங்க தெருவுலயே உண்டு. பயத்தை விதைக்கறவங்க யாரும் இந்தக் கருத்து எப்ப வந்துச்சு, யார் முதல்ல சொன்னா, எந்தக் கஷ்டத்துல இருந்தப்ப சொன்னான்னு சொல்றதே இல்ல. இந்த வகுப்பு அதைத்தான் சொல்லுச்சு.

சார் கையில சார்ட் எதுவும் கிடையாது. முதல் நாளே பெந்தெகோஸ்தே பையன் ஒருத்தன் "சார் சார்ட் எப்ப காட்டுவீங்க"ன்னு கேட்டான், நம்ம பக்கம் கடைசிகாலம்னாலே துணியில வரைஞ்ச அந்த நீளமான சார்ட்டுதானே, ஏழு காலம், நடுவுல இரகசிய வருகை, ஏழு வருஷம் உபத்திரவம், அப்புறம் ஆயிர வருஷ அரசாட்சின்னு. சார் சொன்னாரு, "தம்பி, சார்ட் வரும், ஆனா அது பிறந்த வருஷம் வரும்போதுதான் வரும்". அதே மாதிரி கடைசிக்கு முந்தின வாரம்தான் காட்டுனாரு.

ஆரம்பம் பழைய ஏற்பாட்டுல உள்ள தானியேல் புஸ்தகம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சொப்பனத்துல கண்ட சிலை, பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், களிமண் கலந்த பாதம், இது சண்டே ஸ்கூல்ல படிச்ச யாருக்கும் தெரியும். ஒவ்வொரு பாகமும் ஒரு ராஜ்யம், அதுல நாலாவது ராஜ்யம் ரோமா கிரேக்கமாங்கறதுலயே ரெண்டு பாதை பிரியுதுன்னு சார் காட்டுனாரு. கி.மு. 167ல அந்தியோகு எப்பிப்பானேஸ்ங்கற ராஜா எருசலேம் ஆலயத்துக்குள்ள கிரேக்க தேவனுக்குப் பலி போட வச்சான், விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடை பண்ணான், 164ல மக்கபேயர்ங்கற யூதப் போராளிங்க ஆலயத்தைத் திரும்பப் பிடிச்சு சுத்திகரிச்சாங்க. தானியேல்ல வர்ற "பாழாக்குகிற அருவருப்பு"ங்கறது இதைத்தான் சொல்லுதுன்னு இன்னைக்கு நிறைய வேத பண்டிதர்கள் சொல்றாங்க, ஆனா இது புதுசா வந்த கருத்து இல்ல, கி.பி. 3ம் நூற்றாண்டுலயே போர்பிரின்னு ஒரு தத்துவவாதி, கிறிஸ்தவத்துக்கு விரோதி, இதே வாதத்தை வச்சாரு, அதுக்கு எரோனிமுங்கற சபை அறிஞர் பதில் எழுதுனாரு. ரெண்டு பக்கத்தையும் சார் சொன்னாரு, எது சரின்னு நம்ம தலையில திணிக்கல. ஆர்.சி. அக்காமாருக்கு மக்கபேயர் புஸ்தகம் அவங்க வேதாகமத்துலயே இருக்கறதால அந்தக் கதை முழுசும் தெரிஞ்சிருந்துச்சு, நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு அந்தப் பேரே புதுசு, அன்னைக்கு அவங்கதான் எங்களுக்கு டீச்சர் மாதிரி ஆயிட்டாங்க.

அடுத்த வாரம் வேதாகமத்தோட கடைசி புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷம். அதுல யோவான் கடிதம் எழுதுற ஏழு சபையும் எங்க இருக்குன்னு மேப்ல காட்டுனதே எனக்குப் பெரிய விஷயம், எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா, எல்லாம் இன்னைக்குத் துருக்கி நாட்டுல மேற்குப் பக்கம், யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவு அதுக்கு எதிர்க்கடல்ல. அந்த ஏழு சபையும் உலகச் சரித்திரத்தோட ஏழு காலம்னுதான் கன்வென்ஷன்ல கேட்டு வளர்ந்திருக்கோம், ஆனா அதெல்லாம் நிஜமா ஜனங்க இருந்த ஊர், ராயனை, அதாவது ரோமச் சக்கரவர்த்தியை தெய்வம்னு கும்பிடச் சொல்லி நெருக்கின ஊர், அந்த ஊர் ஆளுங்களுக்கு எழுதின கடிதம்னு நினைச்சு வாசிச்சா ஒவ்வொரு வரியும் வேற மாதிரி கேக்குது. தொமிஷியன் ராயன் ஆட்சி முடியப் போற காலத்துல, அதாவது கி.பி. 95 வாக்குல, இந்தத் தரிசனம் உண்டாச்சுன்னு இரேனியுங்கற ஆரம்பகால பிஷப் எழுதியிருக்காரு.

மிருகத்தோட எண்ணான 666 வந்த அன்னைக்கு ஹால் நிரம்பிருச்சு, அதுக்குன்னே வந்த புது ஆளுங்களும் உண்டு. சார் போர்டுல எபிரெய எழுத்துல நீரோ ராயன்ங்கற பேரை எழுதி ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்குப் போட்டாரு, 50, 200, 6, 50, அப்புறம் 100, 60, 200, கூட்டிப் பாத்தா 666. அந்தக் காலத்துல நம்பருக்குத் தனியா எழுத்து கிடையாது, எழுத்தே நம்பர். இதுல எனக்கு மயிர்க்கூச்செரிஞ்ச இடம் எதுன்னா, சில பழைய கையெழுத்துப் பிரதியில 666க்குப் பதிலா 616னு இருக்கு, எகிப்துல ஒக்சிரிங்கஸ்ங்கற இடத்துல கிடைச்ச பாப்பிரஸ் துண்டுலயும் 616தான், நீரோன் பேருல கடைசி எழுத்தான 50ஐ எடுத்துட்டு லத்தீன் உச்சரிப்புப்படி எழுதினா கூட்டுத்தொகை சரியா 616 வருது. உடனே எல்லாரும் ஆஹான்னு சொல்ல, சாரே மறுபக்கத்தையும் எடுத்து வச்சாரு: 2ம் நூற்றாண்டுல எழுதின இரேனியுவுக்கு 616 தெரியும், அது நகல் எடுத்தவன் பண்ண தப்புன்னுட்டாரு, அவர் 666க்குச் சொன்ன பேருங்கள்ல நீரோ கிடையாது, எவாந்தாஸ், லத்தேய்னோஸ், தேய்த்தான்னு மூணு சொல்லிட்டு, யாருன்னு உறுதியாச் சொல்றது ஆபத்துன்னும் எழுதி வச்சிட்டாரு. யோவானோட சீஷருக்கு சீஷர்னு சொல்ற ஒருத்தரே அவ்வளவு அடக்கமா நின்னுட்டாரு, நம்ம ஆளுங்க ஆதார் கார்டைக் காட்டி அடிச்சுச் சொல்றாங்க.

கடைசிகாலத்துல வர்ற கிறிஸ்துவோட எதிரின்னு சொல்ற அந்திக்கிறிஸ்துங்கற பேரு வெளிப்படுத்தின விசேஷத்துல ஒரு இடத்துலகூட வராது, யோவானோட முதல் ரெண்டு நிருபத்துல மட்டும்தான் வருதுன்னு சார் சொன்னதும் எல்லாரும் வேதத்தைப் புரட்டித் தேட ஆரம்பிச்சிட்டாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் ஹால்ல பக்கம் புரட்டுற சத்தம்தான். பவுல் சொல்ற பாவமனுஷன் ஒரு இடம், யோவான் சொல்ற அந்திக்கிறிஸ்து ஒரு இடம், மிருகம் ஒரு இடம், தானியேலோட சின்னக் கொம்பு ஒரு இடம், இந்த நாலையும் ஒரே ஆளா சேர்த்துத் தைச்சது பின்னால வந்த வியாக்கியானக்காரங்க. தைச்சது தப்புன்னு சார் சொல்லல, தையல் இருக்குன்னு காட்டுனாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாயங்காலம் அதுக்கு அடுத்தது. ஆரம்ப சபையில, வெளிப்படுத்தல் 20ல சொல்ற கிறிஸ்துவோட ஆயிர வருஷ அரசாட்சியை அப்படியே பூமியில நடக்கப் போறதா நம்பினவங்க நிறைய பேர், பப்பியா, யுஸ்தின், இரேனியு எல்லாம். பப்பியா சொன்னதா இரேனியு எழுதியிருக்காரு, அந்த நாள்ல ஒவ்வொரு திராட்சைச் செடிக்கும் பத்தாயிரம் கிளை, ஒவ்வொரு கிளைக்கும் பத்தாயிரம் கொப்புன்னு போயிட்டே இருக்கும், பசியில கிடந்த ஜனங்களோட ஆசை அதுல அப்படியே தெரியுது. பின்னால வந்த சபைச் சரித்திரக்காரர் யூசேபியு பப்பியாவை அறிவு கம்மியான ஆளுன்னு எழுதிட்டாரு, எனக்கு அது நியாயமாப் படல. அப்புறம்தான் சார் எகிப்துக்குப் போனாரு. 3ம் நூற்றாண்டு நடுவுல அர்சினோயேங்கற பகுதியில நேப்போஸ்னு ஒரு பிஷப் இருந்தாரு, ஆயிர வருஷம் எழுத்தின்படியேதான்னு புஸ்தகம் எழுதி வச்சிட்டு இறந்துட்டாரு, அதனால கிராமத்துச் சபைங்க எல்லாம் பிரிஞ்சு சண்டை. அலெக்சாந்திரியா பிஷப் தியோனீசியு என்ன பண்ணாருன்னா அங்கேயே போய் கிராமத்து மூப்பரையும் உபதேசிமாரையும் கூப்பிட்டு, விரும்புன ஜனங்களையும் உக்கார வச்சு, மூணு நாள் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் புஸ்தகத்தை வரிவரியா பேசினாங்க. கடைசியில அந்தக் கட்சிக்குத் தலைவரா இருந்த கொராக்கியோன்ங்கறவரே எல்லார் முன்னாலயும் மனசு மாறினாரு. இதுல தியோனீசியு யாரையும் வெளிய தள்ளல, நேப்போஸை ரொம்ப மரியாதையா பேசுறாரு, அவர் எழுதின பாட்டுங்களை இன்னும் ஜனங்க சந்தோஷமா பாடுறாங்கன்னு எழுதுறாரு, எதிர்த்துப் பேசின கிராமத்து ஆளுங்களோட பொறுமையையும் உண்மையைத் தேடுற மனசையும் புகழ்றாரு. நம்ம சேகரங்கள்ல ஒரு உபதேச வித்தியாசம் வந்தா என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், புது ஷெட்டு போட்டு புது சபை ஆரம்பிச்சிருவாங்க. அதுவும் அந்தத் தியோனீசியுவேதான் வெளிப்படுத்தலோட கிரேக்க நடையும் யோவான் சுவிசேஷத்தோட நடையும் வேற வேற, எழுதினவர் வேற யோவானா இருக்கலாம்னு சொன்னவரு, ஆனா புஸ்தகத்தைத் தள்ளல, எனக்குப் புரியலங்கறதுக்காகத் தள்ள மாட்டேன்னுட்டாரு. 17 நூற்றாண்டுக்கு முன்னால ஒரு பிஷப் இப்படி நடந்துக்கிட்டாருங்கறது எனக்குத் தெரியாமலே நான் இத்தனை வருஷம் சர்ச்சுக்குப் போயிட்டு இருந்திருக்கேன், இதை எந்தப் பிரசங்கத்துலயும் யாரும் சொல்லல, அதுல எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அகுஸ்தீனும் வந்தாரு. முதல்ல ஆயிர வருஷத்தை எழுத்தின்படி நம்பிட்டு அப்புறம் மாறினவர் அவரு, 410ல ரோமாபுரியைக் கோத்தியர் கொள்ளையடிச்ச பின்னால எழுதின பெரிய புஸ்தகத்துல, ஆயிர வருஷம்ங்கறது இப்ப நடந்துட்டு இருக்கற சபையோட காலம்தான்னு சொன்னாரு, மேற்கத்திய சபை ரொம்ப நூற்றாண்டு அதைத்தான் பிடிச்சுக்கிச்சு, இன்னைக்கும் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு பூமியில நடக்கற ஆயிர வருஷ அரசாட்சிங்கற கருத்தை ஏத்துக்கல. ஆர்.சி. அக்கா ஒருத்தவங்க "அதான் எங்க கோயில்ல இந்த சார்ட்டே பாத்ததில்ல"ன்னாங்க. யோவாக்கீம்ங்கற இடைக்காலத் துறவி, ஜெர்மனியில முன்ஸ்டர்ல கடைசிகாலம் வந்துட்டுன்னு ஒரு கூட்டம் ஊரைப் பிடிச்சு 1534ல நடந்த கொடுமை, இதெல்லாம் வேகமா ஓட்டிட்டாரு, சரிதான், எங்களுக்கும் அதுல பெரிய ஆர்வம் இல்ல. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர் 1522ல வெளிப்படுத்தலுக்கு எழுதின முன்னுரையில இதுல கிறிஸ்து போதிக்கப்படலன்னு எழுதினதும், போப்தான் அந்திக்கிறிஸ்துன்னு சண்டை முத்தினப்ப 1530ல வேற முன்னுரை எழுதி சபைச் சரித்திரமா விளக்கினதும் மட்டும் நோட் பண்ணி வச்சிருக்கேன். அதுக்குப் பதிலா கத்தோலிக்கப் பக்கத்துல ரிபேரான்னு ஒரு ஸ்பெயின் சேசு சபைக்காரர், அந்திக்கிறிஸ்து இனிமேதான் வருவான், கடைசியில கொஞ்ச வருஷம்தான் இருப்பான்னு விளக்கம் எழுதுனாரு. இன்னைக்கு நம்ம கன்வென்ஷன் மேடையில போப்பைத் திட்டிக்கிட்டே ஆளுங்க பேசுற அந்தக் கடைசி ஏழு வருஷக் கருத்து அவர் போட்ட ரோட்டுலதான் வருதுன்னு கேட்டப்ப ஹால்ல ஒரு சலசலப்பு.

இப்ப நம்ம ஊர்க் கதைக்கு வரேன், இந்த ஒரு வாரத்துக்காகவே முந்நூறு ரூபா குடுக்கலாம். இரகசிய வருகை, அதாவது உபத்திரவத்துக்கு முன்னாடியே சபை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும், உலகத்துக்குத் தெரியாது, அப்புறம் ஏழு வருஷம் கழிச்சு பகிரங்க வருகைன்னு ரெண்டு கட்டமா சொல்றது, இது ஒழுங்கா வடிவமெடுத்தது 1830கள்ல, ஜான் நெல்சன் டார்பின்னு அயர்லாந்துல ஆங்கிலிக்கன் குருவா இருந்து விலகி பிரதரன் கூட்டத்துல முக்கியமான ஆளா ஆனவரு மூலமாத்தான், அங்க பவர்ஸ்கோர்ட்டுங்கற பங்களாவுல தீர்க்கதரிசனம் பத்தின கூட்டங்கள் நடந்துச்சு, தானியேல் 9ல தீர்க்கதரிசனமா சொல்ற எழுபது வாரத்துல அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி, அதுதான் சபையோட காலம்ங்கற விளக்கம் அங்க பலமாச்சு. 1909ல ஸ்கோபீல்டுன்னு ஒரு அமெரிக்கர் வேத வசனத்துக்குக் கீழயே இந்த விளக்கத்தை அடிக்குறிப்பாப் போட்டு ஆக்ஸ்போர்டு அச்சகத்துல வெளியிட்டாரு, வசனம் எது குறிப்பு எதுன்னு பிரிக்காம ஜனங்க வாசிக்க ஆரம்பிச்சதும் உலகம் பூரா போயிருச்சு. இப்பதான் சார் சார்ட்டை விரிச்சாரு.

டார்பி இருந்த அதே கூட்டத்துல ஆரம்பத்துல இருந்தவரு அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், எக்சிட்டர்ல பல் டாக்டர், எல்லாத்தையும் விட்டுட்டு பாக்தாத்துக்கு ஊழியத்துக்குப் போனாரு, 1831ல அங்க கொள்ளை நோய், வெள்ளம், முற்றுகை எல்லாம் ஒண்ணா வந்து மனைவியை இழந்தாரு, கர்த்தர் சீக்கிரம் வந்துருவாருங்கற எதிர்பார்ப்புலதான் அந்த நாளைக் கடந்தாரு. 1833ல இந்தியாவுக்கு வந்து திருநெல்வேலியில ஊழியம் செஞ்ச ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரைப் பாத்தாரு. ரேனியஸ் ஐயர்கிட்ட படிச்சவரு உக்கிரன்கோட்டையில பிறந்த அருளப்பன், ஜான் கிறிஸ்தியன் அருளப்பன், அவருக்கு குரோவ்ஸோட பழக்கம் உண்டாகி, சம்பளம் இல்லாம விசுவாசத்துல ஊழியம் செய்யறதுன்னு முடிவெடுத்து, 1840ல கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்குனாரு, 1860ல அவர் ஊழியத்துல எழுப்புதல் வந்துச்சு, ஜனங்க அழுது பாவ அறிக்கை பண்ணி, தரிசனம் கண்டு, பாஷைகள் பேசி, அமெரிக்காவுல பெந்தெகோஸ்தே இயக்கம் வர்றதுக்கு ஏறக்குறைய அம்பது வருஷம் முந்தியே. சார் இதைச் சொல்லிட்டு இருக்கும்போது பிரதரன் சபை அண்ணாச்சி எந்திரிச்சு நின்னுட்டாரு, "சார், எங்க தாத்தா காலத்திலேருந்து இந்த சார்ட் வேதத்துல உள்ளதுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காவ, 1830னா நூத்துத் தொண்ணூறு சொச்சம் வருஷம்தானா"ன்னு கேட்டாரு, குரல்ல கோவம் இல்ல, ஒரு தடுமாற்றம். சார் சொன்னாரு, "அண்ணாச்சி, வருகை வேதத்துல உள்ளதுதான், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. கட்டங்கட்டமா பிரிச்ச அட்டவணைக்குத்தான் வயசு இருக்கு. அந்த அட்டவணையை நம்பினவங்க வைராக்கியமா ஊழியம் செஞ்சதும் உண்மை, அதையும் மறைக்கக் கூடாது". குரோவ்ஸே 1836ல டார்பிக்கு எழுதின கடிதத்துல, நீ ஐக்கியத்தை ரொம்ப சுருக்குறேன்னு எச்சரிச்சிருக்காருங்கறதையும் அப்பதான் சொன்னாரு. அண்ணாச்சி அடுத்த வாரமும் வந்தாரு, அவங்க வீட்டுப் பெரியவங்க வச்சிருந்த பழைய சார்ட்டைக் கொண்டாந்து காட்டுனாரு, எவ்வளவு அழகா கையால வரைஞ்சிருக்காங்க தெரியுமா.

தேதி குறிச்சவங்க கதையும் நம்ம பக்கம் இருக்கு. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கற விவசாயி தானியேல்ல வர்ற 2300 இராப்பகலை வருஷமாக் கணக்குப் போட்டாரு, அவர் கூட்டத்து ஆளுங்க கி.மு. 457லேருந்து எண்ணி 1844 அக்டோபர் 22ல கர்த்தர் வருவார்னு காத்திருந்தாங்க, வரல, அந்த ஏமாற்றத்துலேருந்து எந்திரிச்ச ஒரு கூட்டம்தான் 1863ல ஏழாம் நாள் அட்வெந்திஸ்ட் சபையா அமைஞ்சது. இங்க நாசரேத் பக்கத்துல சட்டம்பிள்ளைன்னு சொல்ற அருமைநாயகம் 1857ல மிஷனரிமாரோட மனஸ்தாபத்துல பிரிஞ்சு போய் சனிக்கிழமை ஆராதனையோட தனி சபை ஆரம்பிச்சிருந்தாரு, ஏற்கனவே சனிக்கிழமை ஆசரிக்கற ஜனங்க இருந்ததாலதான் 1908 வாக்குல அட்வெந்திஸ்ட் மிஷனரிங்க பிரகாசபுரத்துக்கு வந்து ஊழியம் பண்ணாங்க. நாசரேத் பக்கமிருந்து வந்திருந்த அந்தக் குடும்பத்துக்கு இது அவங்க சொந்தக் கதை, அவங்க வீட்டு அம்மா மில்லரைப் பத்திப் பேசறப்ப "தேதி தப்பாப் போச்சு, ஆனா காத்திருந்தது தப்பில்லல்லா"ன்னு சொன்னாங்க, அதுக்கு யாருமே பதில் சொல்லல, எனக்கும் அந்தக் கேள்வி இன்னும் மனசுல நிக்குது. மலைக்கு அந்தப்பக்கம் திருவிதாங்கூர்ல அருளப்பனோட எழுப்புதல் தாக்கம் போய்ச் சேர்ந்தப்ப, வித்துவான்குட்டின்னு கூப்பிட்ட யுஸ்தூஸ் யோசேப்பு, பிராமணக் குடும்பத்திலேருந்து வந்து சிஎம்எஸ்ங்கற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்துல குருவான பெரிய கவிஞர், 1875ல இன்னும் ஆறு வருஷத்துல கர்த்தர் வருவார்னு அறிவிச்சாரு, 1881 வந்துச்சு, போயிருச்சு. அவர் எழுதின பாட்டுங்களை மலையாள சபைங்க இன்னைக்கும் பாடுறாங்க.

குறைங்களையும் சொல்லணும். நோட்ஸ் ஜெராக்ஸ் ரொம்பச் சின்ன எழுத்து, வயசானவங்க படிக்கவே முடியாது, எங்க பக்கத்துல இருந்த பாட்டி பேத்தியை வாசிக்கச் சொல்லித்தான் கேட்டாங்க. மைக் அடிக்கடி கீச்சுன்னு கத்துச்சு, பின்வரிசைக்கு ஒழுங்காக் கேக்காது. 1948ல இஸ்ரேல் தேசம் உருவானதுக்கு அப்புறம் நடந்த வியாக்கியானம் எல்லாத்தையும் கடைசி நாள் அரை மணி நேரத்துல முடிச்சிட்டாரு, நம்ம ஜனங்க யூடியூப்ல தினமும் கேக்கறதே அதுதானே, அதுக்கு ஒரு முழு சாயங்காலம் வேணும், பாலஸ்தீனத்துல இருக்கற கிறிஸ்தவங்க இந்த விளக்கங்களை எப்படிப் பாக்காங்கன்னு ஒரு வார்த்தைகூட வரல. அப்புறம் இந்த ஊர்ல இருந்துட்டு மேலப்பாளையம் முஸ்லிம் சகோதரங்க ஈசா நபி திரும்ப வருவாங்கன்னு நம்புறதையும், அய்யாவழிக்காரங்க கலி முடிஞ்சு தர்மயுகம் வரும்னு காத்திருக்கறதையும் தொடாம விட்டது எனக்குக் குறைதான், அதுலயும் அய்யாவழியை உண்டாக்கின வைகுண்ட சாமி காலமும் ரேனியஸ் ஐயர் காலமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வருது, அதே தேரிமண்ணு, அதே பனையேறி ஜனங்க, அதே அடக்குமுறை, ஏன் அந்தச் சமயத்துல புது உலகம் வரும்ங்கற செய்தி இவ்வளவு வேகமாப் பிடிச்சுதுன்னு கேட்டிருந்தா வகுப்பு இன்னும் ஆழமாப் போயிருக்கும். நான் இதை ஃபீட்பேக் பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேன்.

இன்னொண்ணு சொல்லாம முடியாது. கேள்வி நேரத்துல அந்தப் பாட்டி, பேத்தி கையைப் பிடிச்சு எந்திரிச்சு, "ஐயா, எம் மவன் கடல்ல போயி திரும்பல, உடம்பு கிடைக்கல, கல்லறை இல்ல, எக்காளம் ஊதும்போது அவன் எங்கேருந்து எந்திரிப்பான்"னு கேட்டாங்க. அதுவரைக்கும் வருஷமும் பேரும் எழுதிட்டு இருந்த சார் சாக்பீஸைக் கீழ வச்சிட்டு அவங்க பக்கத்துல போய் உக்காந்தாரு. தெசலோனிக்கேயாவுல பவுலுக்கு வந்த கேள்வியும் இதுதாம்மா, முன்னாடியே செத்துப் போனவங்க வருகையில விட்டுப் போயிருவாங்களோன்னு அந்தச் சபை அழுதுட்டு இருந்துச்சு, அதுக்குப் பதிலாத்தான் எக்காளத்தையும் மேகத்தையும் பத்தி எழுதுறாரு, அந்தப் பகுதி எப்படி முடியுதுன்னு வாசிங்கன்னு பேத்திகிட்ட சொன்னாரு. "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்"னு பிள்ளை வாசிச்சுது. அப்புறம் சாரே வெளிப்படுத்தல் 20ம் அதிகாரத்துல, சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிச்சதுன்னு வர்ற வசனத்தை எடுத்துக் காட்டுனாரு. அந்த வசனத்தை நான் இதுவரைக்கும் நியாயத்தீர்ப்புன்னு பயமுறுத்தத்தான் கேட்டிருக்கேன். மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரைன்னு இவ்வளவு கடற்கரைச் சபைங்க இருக்கற சீமையில அதை ஆறுதலா ஒருத்தர் சொல்லிக் கேட்டதே எனக்கு அன்னைக்குத்தான்.

யார் போகலாம்னு கேட்டீங்கன்னா, ஒரே விளக்கம்தான் சரி, மத்ததெல்லாம் கள்ள உபதேசம்னு அடிச்சு முடிவு பண்ணிட்டவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும், ஆனா விடாம வந்தா அண்ணாச்சி மாதிரி நல்லா எடுத்துக்குவீங்க. சண்டே ஸ்கூல் டீச்சர்மார், உபதேசியார்மார், வாலிபர் சங்கத்துல பேசறவங்க கட்டாயம் போகணும், ஏன்னா பயத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்துறதும் நிறுத்துறதும் அவங்க கையிலதான் இருக்கு. பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டு மணி நேரம் உக்காராது. வேதாகமம் கையில கொண்டு போங்க, போன்ல பாத்தா ஒரே நேரத்துல தானியேலையும் வெளிப்படுத்தலையும் விரிச்சு வச்சுப் பாக்க முடியாது, ஆர்.சி. வேதாகமம் இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, மக்கபேயருக்கு வேணும். சமாதானபுரம் பக்கத்திலேருந்து ஏழு மணிக்கு மேல கிராமத்துக்கு பஸ் கம்மி, தூரத்திலேருந்து வர்றவங்க திரும்பிப் போற வழியை முன்கூட்டியே பாத்துக்கோங்க. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல திரும்ப வைக்கலாம்னு பேச்சு, நோட்ஸைப் பெரிய எழுத்துல போடச் சொல்லி நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து ஜெராக்ஸ் செலவை ஏத்துக்கிட்டோம், தேதி தெரிஞ்சதும் இங்கயே போடுதேன்.